மூன்றாம் வாத்தியம்

ஆறு வருஷங்களுக்கு முன் இதே பக்கங்களில் நான் எழுதிய ஒரு குறிப்பில் வயலின் - வேணு - வீணைக் கச்சேரிகளை 'மேடை உத்தி' என்று ஒரே வரியில் ஒதுக்கியிருந்தேன். லால்குடி ஜெயராமனும் என். ரமணியும் தனித்தனியே சாதித்ததைச் சேர்ந்து வாசித்துச் சாதிக்கவில்லை என்பது என் வாதம். குறிப்பு வெளிவந்த பத்தாம் நாள் ஒரு அஞ்சலட்டை வந்தது. அனுப்பியவர் வாதத்தோடு சண்டைக்கு வரவில்லை. மூவர் வாசித்த கச்சேரியைப் பற்றி எழுதும்போது எப்படி இரண்டு பேரை மட்டும் எண்ண முடிந்தது என்று கேட்டிருந்தார். அவ்வளவுதான். கீழே கையெழுத்துகூட இல்லை.

அந்தக் கேள்விக்கு இதுவரை பதில் எழுதவில்லை. அப்போது எனக்கிருந்த சமாதானம், வீணை வாசித்த ஆர். வெங்கட்ராமனைப் பற்றிச் சொல்வதற்கு எதுவும் தென்படவில்லை என்பது. தென்படாதது அவருடைய குறையா, என் காதின் குறையா என்று யோசிக்கவில்லை. விமர்சகன் என்று தன்னைச் சொல்லிக்கொள்கிறவன் முதலில் யோசித்திருக்க வேண்டியது அதைத்தான்.

என்னிடம் இருக்கும் ஒலிநாடா அப்பா விட்டுப்போனது. எந்தச் சபையில், எந்த வருஷம் பதிவானது என்று அதில் இல்லை. உறையின்மேல் நீல மசியில் 'லால்குடி, ரமணி, வீணை' என்று எழுதியிருக்கிறது. இரண்டு மனிதர்கள், ஒரு வாத்தியம். அப்பா ஒன்றும் விஷமமாக எழுதியிருக்கமாட்டார். எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள், அப்படித்தான் எழுதினார்கள். நானும் அந்த உறையைப் படித்துவிட்டுத்தான் நாடாவைக் கேட்டிருக்கிறேன் என்று இப்போது தோன்றுகிறது. (மிருதங்கம் வாசித்தவருக்கு அந்த வாத்தியப் பெயர்கூட மிஞ்சவில்லை. மூவர் மூவர் என்று இந்தக் கட்டுரை முழுக்கச் சொல்லப்போகும் நானும் அதே தவற்றைத் திரும்பவும் செய்கிறேன். தெரிந்தே செய்கிறேன்.)

1966இல் இந்தச் சேர்க்கை மேடைக்கு வந்தபோது லால்குடியும் ரமணியும் முப்பதுகளில் இருந்தார்கள். ஒருவர் பிறந்தது 1930, மற்றவர் 1934. வித்வத்தில் கொடிகட்டியாகிவிட்டது, மரியாதைக்குரிய முதுமை இன்னும் வரவில்லை. ஒரு கலைஞன் தன் இடத்தைப் பணயம் வைக்கக்கூடிய வயது அதுதான். லால்குடி பன்னிரண்டு வயதில் பக்கவாத்தியக்காரராகத் தொடங்கியவர். அரியக்குடி, செம்மங்குடி, ஜி.என்.பி., மதுரை மணி என்று ஒருவரோடொருவர் ஒட்டவே ஒட்டாத பாணிகளை அந்தந்த நிமிஷத்தில் உள்வாங்கி, நிழல் போலத் தொடர்ந்தவர். நிழல் என்று எழுதிவிட்டேன். லால்குடி விஷயத்தில் அது பொருத்தமில்லாத சொல். பல கச்சேரிகளில் பாடகர் விட்டுச்சென்ற சங்கதியை வாங்கி அவர் திருப்பிக்கொடுத்தபோது அது கொஞ்சம் அழகாகியே திரும்பியது. ஆனாலும் அந்த அமைப்பில் அவருடைய பெயர் 'பக்கம்'தான். திருவாரூரில் பிறந்த ரமணியின் நிலைமை வேறு. புல்லாங்குழல்காரர் ஏற்கெனவே மேடையின் நடுவில் இருக்கிறவர். அவருக்கு இருந்த சுமை மாலி. மாமாவும் குருவுமான டி.ஆர். மகாலிங்கத்தின் மேதைமை, அந்த மேதைமையோடு கூடப்பிறந்த தான்தோன்றித்தனம், இரண்டின் நினைவும் ரமணி குழலை உதட்டில் வைக்கும்போதெல்லாம் சபையில் எழுந்து உட்காரும். மாலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வயலின் வாசித்தவர் லால்குடி. குருவைப் பின்தொடர்ந்த வயலின் இப்போது சிஷ்யனோடு சமமாக அமர்கிறது. இந்த ஒரு மாற்றத்தில் மட்டும் ஒரு நாவலுக்கான விஷயம் இருக்கிறது. நம்மவர்கள் யாரும் எழுதப்போவதில்லை.

மூன்றாமவர் திருவனந்தபுரத்துக்காரர். கே.எஸ். நாராயணசாமியிடம் பயின்றவர். அந்தப் பாணியில் வீணை கத்தாது; பிரமிக்கவைக்கும் வேகத்தைக் காட்டிக் கைதட்டல் வாங்காது. மீட்டியபின் தந்தியில் மிச்சமிருக்கும் ஒலியை இடது கை இழுத்து இழுத்து எவ்வளவு தூரம் பாடவைக்க முடியும் என்பதில்தான் அதன் கவனம் முழுவதும். வலது கையால் ஒரு தடவை மீட்டு, அந்த ஒரு மீட்டுக்குள் நாலு ஸ்வரம். கேட்பவன் கொஞ்சம் முன்னால் சாய்ந்து கேட்டால்தான் நாலாவது ஸ்வரம் கிடைக்கும். நான் சாயவில்லை.

இதை மேற்கத்திய சங்கீதத்தின் பியானோ மூவரோடு ஒப்பிடுவது எளிதாகத் தோன்றும். பியானோ, வயலின், செல்லோ. மூன்று பேர், மூன்று நாதம், ஒரே அறை. ஆனால் ஒப்பிடவேண்டிய இடம் எண்ணிக்கை இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் ஹைடன் இத்தகைய கிருதிகளை எழுதியபோது அவை 'வயலினும் செல்லோவும் துணைசெய்யும் பியானோ சொனாட்டா' என்ற பெயரிலேயே விற்கப்பட்டன. நம் பாஷையில் சொன்னால் பியானோ பிரதானம், மற்றவை பக்கவாத்தியம். அதிலும் செல்லோவின் பாடு மோசம். பியானோக்காரரின் இடதுகை வாசிக்கும் அடிஸ்வரங்களையே பெரும்பாலும் அதுவும் வாசித்துக்கொண்டிருக்கும். அந்தக் காலத்துப் பியானோவின் கீழ் ஸ்தாயி மெலிவாக இருந்ததால் அதற்கு முட்டுக்கொடுக்க ஒரு ஆள். 1795இல் பீத்தோவன் தன் முதல் பிரசுரமாக மூன்று ட்ரையோக்களை வெளியிட்டபோது செல்லோ மெல்ல வாய் திறக்கிறது. 1811இல் எழுதிய 'ஆர்ச்ட்யூக்'கில் மூன்று பேரும் மூன்று மனிதர்கள். அதை 1814இல் முதன்முதலாக மேடையேற்றியபோது பியானோவில் உட்கார்ந்தவர் பீத்தோவனே. காது ஏறக்குறைய போய்விட்டிருந்தது.

ஆக செல்லோவுக்கு விடுதலை கிடைத்தது காகிதத்தில். எழுதியவன் ஒருவன், அவன் நினைத்தால் மூன்றாமவனுக்கு ஒரு மெட்டைக் கொடுக்கலாம், மற்ற இருவரையும் அந்த நேரத்துக்கு அடக்கியும் வைக்கலாம். வாசிப்பவர்களில் யார் பெரிய ஆள் என்பது அங்கே இரண்டாம் பட்சம். நம்முடைய மேடையில் அப்படி ஒரு காகிதம் கிடையாது. கிருதி மூவருக்கும் ஒன்றுதான். ஒரே மெட்டை மூன்று வாத்தியமும் சேர்ந்து வாசிக்கும். வேறுபாடு கமகத்தின் நெளிவில் மட்டும். மூன்றாமவனுக்கு இடம் கிடைக்க வேண்டுமானால் மற்ற இருவரும் அந்த நிமிஷத்தில், பல நூறு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது, வாசிக்காமல் இருந்தாக வேண்டும். வாசிக்கத் தெரிந்தவன் வாசிக்காமலிருப்பது எவ்வளவு கடினம் என்று கவிதை எழுதுகிற நண்பர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இன்னொன்று சுருதி. இதைப் பற்றி நம் சங்கீத விமர்சனங்களில் ஒரு வார்த்தை இருக்காது. குழலின் சுருதி மூங்கிலை அறுத்துத் துளையிட்ட அன்றே முடிவாகிவிட்டது. வாசிக்க வாசிக்க மூச்சின் சூட்டில் கொஞ்சம் ஏறவும் செய்யும். வீணையின் தந்தியை ஓர் எல்லைக்குமேல் முறுக்கினால் அறும். அதிகம் தளர்த்தினால் நாதம் தொங்கும். மெட்டுகளோ மெழுகில் பதித்தவை. வயலின்தான் இருவருக்கும் நடுவில் எங்கு வேண்டுமானாலும் போய் நிற்கும். எனவே மூவரும் ஒரு சுருதியில் உட்காரும்போதே யாரோ தனக்கு உகந்த இடத்தைவிட்டு நகர்ந்து வந்திருக்கிறார். கச்சேரி தொடங்கும் முன்பே ஒரு பேச்சுவார்த்தை முடிந்திருக்கிறது.

சேர்ந்து வாசித்தல் நமக்குப் புதியது என்று நினைப்பவர்கள் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைத் திறந்து பார்க்கலாம். குழலின் வழியே யாழ் செல்ல, யாழின் வழியே தண்ணுமை செல்ல, அதற்குப்பின் முழவு என்று ஒரு வரிசை அங்கே இருக்கிறது. வரிசை என்பதைக் கவனிக்க வேண்டும். ஒன்றைப் பின்பற்றி ஒன்று; முதலில் குழல். வடமொழி வழக்கிலோ வீணை முதலில், வேணு பிறகு. 1966இன் சேர்க்கையில் முதலில் நிற்பது வயலின். இந்த வாத்தியம் நம்மிடம் வந்து இருநூறு சொச்சம் வருஷம்தான். பாலுஸ்வாமி தீட்சிதர் வெள்ளைக்காரர்களின் இசைக்குழுவில் கேட்டு எடுத்துக்கொண்டது. கடைசியில் வந்தவன் முதலில் உட்கார்ந்திருக்கிறான், மிகப் பழையவன் கடைசிக்குப் போய்விட்டான். மோனை நன்றாக விழுகிறது என்பதற்காக வைத்த வரிசை என்று ஒரு நண்பர் சொன்னார். மூன்றுமே 'வ'வில் தொடங்குகின்றன; எப்படி மாற்றிப்போட்டாலும் மோனை விழும்.

நான் வேலை பார்க்கும் வங்கியில் மூன்று பேர் சேர்ந்து வைப்புத்தொகை போட வருவார்கள். பணம் மூவருக்கும் சொந்தம். ஆனால் படிவத்தில் முதலில் எழுதப்பட்ட பெயருக்குத்தான் வருமானவரிப் பிடித்தம், கடிதமும் அந்த விலாசத்துக்கே. மூன்றாவது பெயர்க்காரர் கவுண்டருக்கு வருவது பெரும்பாலும் மற்ற இருவரும் காலமானபிறகு. இந்தப் பெயர் வரிசைச் சண்டை பெரிய இடங்களிலும் நடந்திருக்கிறது. ரூபின்ஸ்டைன், ஹைஃபெட்ஸ், பியாட்டிகோர்ஸ்கி மூவரும் 1949இல் சிகாகோவுக்குப் பக்கத்தில் ரவீனியாவில் சேர்ந்து வாசித்தார்கள். 'பத்து லட்சம் டாலர் மூவர்' என்று பத்திரிகைகள் பட்டம் கட்டின. எப்போதும் பியானோக்காரர் பெயர்தான் முதலில் வரவேண்டுமா என்று வயலின்காரர் கிளப்ப, 1950இல் சில இசைத்தட்டுகளோடு கதை முடிந்தது. கவனியுங்கள், சண்டை முதல் இரண்டு பேருக்குள். செல்லோக்காரர் பியாட்டிகோர்ஸ்கி அதில் இல்லவே இல்லை.

மாறாக, கார்த்தோ - திபோ - கஸால்ஸ் மூவரில் இன்று உலகம் பெரிதாக நினைப்பது மூன்றாம் பெயரை. இந்த நூற்றாண்டில் பிறந்த யாரும் அவர்களை நேரில் கேட்டிருக்க முடியாது. 1926இல் பதிவான ஷூபர்ட்டும் 1928இல் பதிவான ஆர்ச்ட்யூக்கும் இருக்கின்றன. என் கைபேசியில் இருக்கின்றன. பல்லாவரத்திலிருந்து கடற்கரைக்குப் போகும் ரயிலில் அதைக் கேட்டுக்கொண்டு போவதில் ஏதோ அபத்தம் இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும். இரைச்சலுக்கு அடியில் மூன்று மனிதர்கள் ஒருவருக்கொருவர் காத்திருக்கிறார்கள். முப்பதுகளில் பிரிந்தார்கள். பிறகு நடந்தது சங்கீதம் சம்பந்தப்பட்டதல்ல. கார்த்தோ ஜெர்மானியர் ஆக்கிரமித்த பிரான்ஸில் விஷி அரசோடு ஒத்துழைத்தார். ஃபிராங்கோவின் ஸ்பெயினுக்குத் திரும்ப மறுத்து கஸால்ஸ் எல்லைக்கு இப்பால் பிராட் என்ற சிற்றூரில் உட்கார்ந்துவிட்டார். திபோ 1953இல் ஆல்ப்ஸ் மலையில் விமான விபத்தில் இறந்தார். 1958இல் வயதான கார்த்தோ பிராடுக்குப் போனார். இருவரும் சேர்ந்து பீத்தோவன் வாசித்தார்கள். மன்னிப்பா, களைப்பா என்று வெளியிலிருந்து சொல்லக்கூடாது. மூவராக இருந்த இடத்தில் இருவர்.

நீண்டகாலம் நீடித்தது என்றால் போஸார் மூவர்தான். 1955 முதல் 2008 வரை. வயலினும் செல்லோவும் பலமுறை ஆள் மாறின. பியானோவில் மெனஹெம் பிரெஸ்லர் ஐம்பத்துமூன்று வருஷமும் உட்கார்ந்திருந்தார். இதை மூவர் என்பதா, ஒருவரும் அவரைச் சுற்றிக் காலியாகி நிரம்பும் இரண்டு நாற்காலிகளும் என்பதா?

நம் பக்கத்தில் இன்னொரு மூவர் உண்டு. யாழ்ப்பாணத்தில் வேர்கொண்ட வி. லட்சுமிநாராயணாவின் பிள்ளைகள் எல். வைத்தியநாதன், எல். சுப்ரமணியம், எல். சங்கர். மூன்றும் வயலின். ரத்தம் ஒன்று, குரு ஒன்று, வாத்தியமும் ஒன்று. சேர்ந்து ஒலிப்பதில் அங்கே அதிசயமில்லை. பிரிந்து போன விதம்தான் சுவாரஸ்யம். மூத்தவர் சினிமாவுக்கும் தொலைக்காட்சிக்கும் இசையமைத்தார். நடுவர் டாக்டர் படிப்பு முடித்துவிட்டு மேற்கத்திய வாத்தியக் குழுக்களோடு போனார். இளையவர் ஜான் மெக்லாஃப்லினோடு சக்தியில் சேர்ந்தார். மூன்று திசைகள், மூன்றிலும் பெயர் எடுத்தார்கள். நம் விஷயத்துக்கு அது வேண்டாம்.

லால்குடி 1965இல் எடின்பரோ விழாவில் வாசித்தார். யெஹுதி மெனுஹின் அவருக்கு ஓர் இத்தாலிய வயலினைப் பரிசளித்தார். மெனுஹின் தன் சகோதரி ஹெஃப்ஸிபாவோடும் மோரிஸ் ஜான்ட்ரோனோடும் பியானோ ட்ரையோ வாசித்தவர். அடுத்த வருஷம் இங்கே வயலின் - வேணு - வீணை. இரண்டுக்கும் முடிச்சுப்போட எனக்கு மிகவும் ஆசை. ஆனால் ஊகத்தைச் சரித்திரமாக்கும் பழக்கம் நம் விமர்சனத்தில் ஏற்கெனவே தேவைக்கு மேல் இருக்கிறது.

நாடாவுக்கு வருகிறேன். பம்மலில் ஒரு முழு ராகத்தைத் தடையில்லாமல் கேட்பது கஷ்டம். மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்கள் ஆலாபனையை அரைஅரை நிமிஷமாக நறுக்கும். (சம்பந்த முதலியாரின் ஊர் இது. 1891இல் சென்னையில் சுகுண விலாச சபையை ஆரம்பித்து, வக்கீல்களையும் கனவான்களையும் சேர்ந்து நடிக்கவைத்தவர். எங்கள் தெருவில் யாரையாவது கேட்டால் கமல்ஹாசன் படத்தின் பெயர் என்பார்கள்.) இரவு பதினொன்றுக்குமேல் விமானம் குறையும். அப்போதுதான் இந்தமுறை கேட்டேன். ஒரு வாரம், தினமும் ஒரு தடவை.

ஆலாபனையில் முதல் முறை வயலின். லால்குடியின் வில் தந்தியை விட்டு எழுவதே இல்லை போன்ற பிரமை. ஒரு வாக்கியம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில்கூட வெட்டுத் தெரியாது. இரண்டாவது குழல். இங்கே வாக்கியத்தின் நீளத்தை மூச்சு தீர்மானிக்கிறது. ரமணி மூச்சு முடிவதற்கு ஒரு கணம் முன்பே நிறுத்துகிறார். மூச்சு முடிந்ததால் நிறுத்தினார் என்று யாரும் சொல்லிவிடக்கூடாது என்ற ரோஷம் போலும். மூன்றாவது வீணை. வில்லும் மூச்சும் ஒலியைப் பிறப்பித்தபடியே இருக்க முடியும். வீணையில் ஒலி பிறந்த கணத்திலிருந்து இறந்துகொண்டிருக்கிறது. வைணிகன் செய்வதெல்லாம் அந்த இறப்பைத் தாமதப்படுத்துவது. முதல் இரண்டு பேரின் நிறைவுக்குப் பிறகு இது மெலிவாகத் தோன்றத்தான் செய்யும். ஆறு வருஷம் முன்பு எனக்குத் தோன்றியது இதுதான். அந்த மெலிவை வெங்கட்ராமனின் மெலிவு என்று எடுத்துக்கொண்டேன்.

தானத்தில் விஷயம் தலைகீழாகிறது. தானம் வீணைக்கு வீட்டுப்பாஷை. மீட்டும் விரல்களுக்கு நடுவே சுண்டுவிரல் பக்கத்திலிருக்கும் தாளத்தந்திகளைத் தட்டும். அந்தத் தட்டில்தான் தானத்தின் நடையே இருக்கிறது. வயலினுக்கு அப்படி ஒரு தந்தி கிடையாது, குழலுக்குத் தந்தியே கிடையாது. எனவே மற்ற இருவரும் இப்போது மொழிபெயர்க்க வேண்டியவர்கள். லால்குடி வில்லைச் சின்னச் சின்னதாக வெட்டி மீட்டலின் தெறிப்பைக் கொண்டுவரப் பார்க்கிறார். ரமணி நாக்கால் காற்றைத் துண்டிக்கிறார். இருவரும் அசாத்தியத் திறமைசாலிகள், ஏறக்குறைய வந்துவிடுகிறது. அந்த 'ஏறக்குறைய' காதில் விழ ஆரம்பித்ததும்தான் எனக்கு உறைத்தது: இங்கே பின்தொடர்கிறவர்கள் அவர்கள். ஓரிடத்தில் வீணை கீழ்ஸ்தாயியில் ஒரு பஞ்சமத்தில் நிற்கிறது. அடுத்த முறை வயலினுடையது. வயலின் வரவில்லை. அந்தப் பஞ்சமம் முழுக்கத் தேய்ந்து, சுருதியோடு கலந்து, இருக்கிறதா இல்லையா என்று ஆனபிறகுதான் வில் தந்தியைத் தொடுகிறது, அதே பஞ்சமத்தில், அதே மெலிவில். இரண்டு விநாடி இருக்கலாம். லால்குடி அந்த இரண்டு விநாடி ஒன்றும் செய்யவில்லை. பீத்தோவன் காகிதத்தில் செய்ததை இவர் கையைக் கட்டிக்கொண்டு செய்தார் என்றால் நண்பர்கள் மிகை என்பார்கள். எனக்கு மிகையாகப் படவில்லை.

இதனால் என் பழைய வாதம் முழுக்கப் பொய்யாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. கிருதி வாசிக்கும்போது மூன்றும் ஒன்றாக ஓடுகின்றன. அங்கே வீணையை மற்ற இரண்டும் மூடிவிடுகின்றன, ஒலிபெருக்கி சரிக்கட்டாத குறை அது. கல்பனாஸ்வரத்தில் மூவரும் மாறிமாறி வீசிக்கொள்ளும்போது சபை கைதட்டுகிறது. அது இன்னமும் எனக்கு உத்தியாகத்தான் கேட்கிறது. ஒரு கச்சேரி முழுவதும் மூவராக இருக்க முடிந்ததா என்றால், இல்லை. இருபது நிமிஷம் இருந்தார்கள்.

பிறகு அவரவர் வழி. லால்குடி வர்ணங்களும் தில்லானாக்களும் இயற்றினார். நாட்டிய மேடைகளில் அவருடைய தில்லானா இல்லாத மாலை அபூர்வம். 2013இல் காலமானார். ரமணி வடக்கத்தியக் குழலின் நீளத்தைக் கர்நாடக சங்கீதத்துக்குக் கொண்டுவந்து, 1983இல் குழலுக்கென்று ஒரு பள்ளி ஆரம்பித்து, 1996இல் சங்கீத கலாநிதி ஆகி, 2015இல் மறைந்தார். இருவர் இறந்தபோதும் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின; வயலின் - வேணு - வீணை அவற்றில் ஒரு வாக்கியம். வெங்கட்ராமனைப் பற்றி எழுதுகிறவர்கள் அந்த வாக்கியத்திலிருந்தேதான் ஆரம்பிக்கிறார்கள். நம் விமர்சனத்துக்கு பாணி தெரியும், பரம்பரை தெரியும், ஒரு தனிமனிதனின் மேதைமையை வர்ணிக்க ஐம்பது அடைமொழிகள் தெரியும். மூன்று பேருக்கு நடுவில் ஒரு பஞ்சமம் தேய்ந்து முடிவதைச் சொல்ல ஒரு வார்த்தை கிடையாது. இந்தக் கட்டுரையில் நானும் சுற்றிச்சுற்றித்தான் வந்திருக்கிறேன்.

தானம் முடிந்து பல்லவியை எடுக்கும் இடத்தில் நாடா தீர்ந்துபோகிறது. மறுபக்கத்தைத் திருப்பிப் போட்டால் இலங்கை வானொலியிலிருந்து அப்பா பதிவுசெய்த சினிமாப் பாட்டுகள். பல்லவிக்கு மேலேயே பதிந்திருக்கிறார்.